அகல உழுவதா, ஆழ உழுவதா?
(மலிவு விலைக் கருவிப் பெட்டி வாங்கலாமா என்பது பற்றி ஒரு விளக்கம்)

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி



“அகல உழுவதை விட ஆழ உழு” என்ற பழமொழியை அறியாதவர் நம் காவிரிப் படுகையில் இருக்க முடியாது. பத்து மா நிலத்தை மேலாகக் கீறிவிட்டுப் போவதைக் காட்டிலும், இரண்டு மா நிலத்தை ஆழ உழுதால் களம் நிறையும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. இப்பழமொழி ஏர் பிடிப்பவர்க்கு மட்டும் உரியதன்று. கடைத்தெருவில் பணப்பையைத் திறக்கும் ஒவ்வொருவர்க்கும் உரியதாகும்.

இக்காலத்தில் கண்காட்சித் திடலிலும், திருவிழாக் கடைகளிலும், நடைபாதையிலும், கைப்பேசி வழி வாங்கும் கடைகளிலும் ஒரு பெட்டி பளபளவென்று மின்னுவதைக் காண்கிறோம். “46 உருப்படிகள், விலை 500 ரூபாய்!” என்று அதன்மேல் எழுதியிருக்கும். திறந்தால் வெள்ளி போன்ற கருவிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். பார்ப்பவர் உள்ளம் மயங்கும். இதை வாங்கலாமா, கூடாதா? வாங்கினால் எதற்கு உதவும், எதற்கு உதவாது? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

46 என்ற எண்ணைக் கண்டு வியக்குமுன் அவை யாவை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இத்தகைய பெட்டியில் பெரும்பாலும் 4 மி.மீ. முதல் 14 மி.மீ. வரை உள்ள சிறு சாக்கெட்டுகள் ஒரு டஜனுக்கு மேல் இருக்கும். அவற்றைத் திருப்ப ஒரு ராட்செட் கைப்பிடி, ஒன்றிரண்டு நீட்டிப்புக் கம்பிகள், ‘எல்’ வடிவச் சாவிகள் சில இருக்கும். மீதி எல்லாம் விரல் நீளம் கூட இல்லாத ஸ்க்ரூ டிரைவர் முனைகள். அந்தச் சிறு முனைகளும் ஒவ்வொன்றும் ஓர் ‘உருப்படி’யாகவே கணக்கில் சேர்கின்றன. ஆகவே 46 கருவிகள் என்பது உண்மையில் ஒரே கைப்பிடியும் அதற்குப் பொருந்தும் துண்டுகளுமே ஆகும்.

இனி நம் வீட்டைச் சுற்றிப் பார்ப்போம். நட்டும் ஸ்க்ரூவும் எங்கெங்கே உள்ளன? மிதிவண்டி, தையல் இயந்திரம், மிக்சி, கிரைண்டர், பிரஷர் குக்கரின் கைப்பிடி, கட்டில், மேசை விசிறி, தண்ணீர்க் குழாய், மூன்று முனை பிளக்கு. வயல் உள்ள வீடாயின் பம்பு செட்டு. இவற்றுள் நம் வயதினர் மிகுதியும் பயன்படுத்துவது மிதிவண்டி. அதன் சங்கிலி அடிக்கடி கழன்றால், கையால் மாட்டினால் மட்டும் போதாது. பின்சக்கரத்தின் அச்சு நட்டுகள் இரண்டையும் தளர்த்தி, சக்கரத்தைச் சற்றே பின்னுக்கு இழுத்து, சங்கிலியின் தொய்வை நீக்கி, மீண்டும் இறுக்க வேண்டும். அந்தப் பின் அச்சு நட்டின் அளவு பெரும்பாலான மிதிவண்டிகளில் 15 மி.மீ. ஆகும். நாற்பத்தாறு உருப்படிகள் உள்ள பெட்டியோ 14 மி.மீ. அளவோடு நின்றுவிடுகிறது! ஊரெல்லாம் உறவு, ஒரு வாய்ச் சோறு இல்லை என்பது போன்றதே இது.

ஆதலின் முதல் விதி இது: பெட்டியில் எத்தனை இருக்கிறது என்று எண்ணாதே, உன் வீட்டுக்கு எத்தனை வேண்டும் என்று எண்ணு.

பதினொரு ரூபாய் எங்கே போகிறது?

500 ரூபாயை 46 ஆல் வகுத்தால் ஓர் உருப்படிக்கு ஏறத்தாழ 11 ரூபாய் வருகிறது. கடைத்தெருவில் ஒரு குவளை காபி கூட அந்த விலைக்குக் கிடைப்பதில்லை. அந்தப் பதினொரு ரூபாய்க்குள் எஃகின் விலை, அடித்து வடிக்கும் கூலி, பதம் போடும் செலவு, மேற்பூச்சு, பெட்டி, வண்டி வாடகை, கடைக்காரரின் இலாபம் அனைத்தும் அடங்க வேண்டும். எதையாவது விட்டால்தான் கணக்கு நேராகும். எதை விடுவார்கள்? கண்ணுக்குத் தெரியும் பளபளப்பை விடமாட்டார்கள். அதுதான் விற்றுக் கொடுக்கிறது. கண்ணுக்குத் தெரியாத எஃகின் தரத்தையும் பதத்தையுமே விடுவார்கள்.

பதம் என்பது என்ன? தூய இரும்பு மென்மையானது. அதில் சிறிதளவு கார்பன் கலந்தால் எஃகு ஆகிறது. நூற்றில் கால் பங்கு, அதாவது 0.25 சதவீதத்திற்கும் குறைவாகக் கார்பன் இருந்தால் அது மென் எஃகு, வளையும், நசுங்கும். கருவிகளுக்கு அதைவிட மிகுதியான கார்பன் கொண்ட எஃகு வேண்டும். குரோமியம், வனேடியம் போன்ற உலோகங்களையும் சிறிதளவு சேர்ப்பதுண்டு. அந்த எஃகைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயிலோ நீரிலோ சட்டென அமிழ்த்தினால் அது மிகக் கடினமாகிறது. ஆனால் அதே நேரத்தில் கண்ணாடி போல் உடையும் தன்மையும் வந்துவிடுகிறது. அதனால் மறுபடியும் அளவான சூட்டில் வைத்து அந்த உடையும் தன்மையைக் குறைக்கிறார்கள். கடினமும் உறுதியும் சமமாக நிற்கும் அந்த நிலையே பதம்.

அதிரசம் செய்யும் வீட்டில் இதனை எளிதாகப் புரிந்துகொள்ளலாம். வெல்லப் பாகு இளகியிருந்தால் மாவு எண்ணெயில் கரைந்து பிரியும். பாகு முற்றிப் போனால் அதிரசம் கல்லாகும். இடையில் உள்ள ஒரு நொடிதான் பதம். எஃகுக்கும் அதேதான். பதம் போடாத ஸ்பானரின் வாய் விரிந்துபோகும். பதம் முற்றிய உளியும் சுத்தியலும் அடிக்கும்போது சில்லாகத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும்.

நம் உழவர்கள் இதனை நன்கு அறிவார்கள். அறுவடை இயந்திரம் வயலில் இறங்கிவிட்ட இந்நாளிலும் வரப்பு வெட்ட மண்வெட்டியும், புல் அறுக்க அரிவாளும் வேண்டியிருக்கின்றன. அவற்றை வாங்கும் பெரியவர் மேற்பூச்சைப் பார்ப்பதில்லை. தட்டிப் பார்த்து ஓசை கேட்பார், விளிம்பை விரலால் தடவுவார், எந்தக் கொல்லர் பட்டறையில் அடித்தது என்று வினவுவார். மாட்டைப் பல் பிடித்துப் பார்த்து வாங்கியவர்கள் அவர்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளாகிய நாம் மட்டும் படத்தைப் பார்த்துப் பெட்டி வாங்குவது முறையாகுமா?

பாடநூல் கூறும் கணக்கு

‘ஒரு ஸ்பானர்தானே, கொஞ்சம் மட்டமாக இருந்தால் என்ன?’ என்று கேட்கலாம். அதற்கு விடை நம் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்திலேயே உள்ளது. விசையின் திருப்புத்திறன் என்பதை நாம் படிக்கிறோம். விசையை, சுழலும் புள்ளியிலிருந்து அது செயல்படும் தொலைவால் பெருக்கினால் திருப்புத்திறன் கிடைக்கும்.

15 செண்டிமீட்டர் நீளமுள்ள ஒரு ஸ்பானரின் முனையை 100 நியூட்டன் விசையோடு அழுத்துவதாகக் கொள்வோம். அது ஏறத்தாழ 10 கிலோ எடையைக் கையால் தாங்கும் அளவு, நம்மால் இயலக்கூடியதே. திருப்புத்திறன் 15 நியூட்டன் மீட்டர். நட்டின் அளவு 13 மி.மீ. எனில் அதன் எதிரெதிர் மூலைகளுக்கு இடையே ஏறத்தாழ 15 மி.மீ. இருக்கும். திறந்த வாய் உடைய ஸ்பானர் அந்த நட்டைப் பெரும்பாலும் இரண்டு மூலைகளில்தான் பற்றுகிறது. அப்படியானால் ஒவ்வொரு மூலையும் தாங்கும் விசை 1000 நியூட்டன். அதாவது, நம் கையில் 10 கிலோ எடையாகத் தோன்றியது, நட்டின் ஒரு முனையில் 100 கிலோ எடையாக அமர்கிறது!

ஸ்பானரின் வாய் சரியான அளவில் இருந்தால் இந்தப் பாரம் நட்டின் பக்கத்தில் படியும். வாய் அரை மில்லிமீட்டர் அகலமாக இருந்தாலும் பாரம் முழுவதும் மூலையின் நுனியிலேயே விழும். நுனி மழுங்கும். இரண்டு முறை நழுவினால் ஆறு மூலை நட்டு உருண்டை நட்டாகிவிடும். அதன்பின் எவ்வளவு நல்ல ஸ்பானர் கொண்டு வந்தாலும் பயனில்லை. ரம்பத்தால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பதினொரு ரூபாய்க் கருவி கெட்டதோடு நில்லாமல், நல்ல வண்டியின் நட்டையும் கெடுத்துவிடுகிறது. நழுவும்போது விரல் முட்டிகள் சங்கிலிப் பல்லில் மோதி இரத்தம் வருவதையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

ஸ்க்ரூவின் கதையும் இதுவே. கூட்டல் குறி போன்ற தலையுள்ள ஸ்க்ரூவுக்கு 1936ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் ஹென்றி பிலிப்ஸ் என்பவர். அதனாலேயே அதற்குப் பிலிப்ஸ் தலை என்று பெயர். அந்தத் தலைக்கு ஏற்ற அளவு முனை வேண்டும். வீட்டில் உள்ள பெரும்பாலான ஸ்க்ரூக்களுக்கு 2ஆம் எண் முனையும், சிறியவற்றுக்கு 1ஆம் எண் முனையும் பொருந்தும். முனை மென்மையாக இருந்தாலோ, அளவு மாறினாலோ அது மேலே ஏறி வழுக்கும். வழுக்கும் ஒவ்வொரு முறையும் தலையின் பள்ளம் வழித்தெடுத்தாற்போல் ஆகும்.

நம் ஊர்க் கைவினைஞர்கள் ‘செட்டு’ வாங்குவதில்லை

கருவியைப் பற்றி அறிய நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. சுவாமிமலையில் மெழுகு உருவைச் சுற்றி வண்டல் மண்ணைப் பூசி, உலோகத்தை உருக்கி வார்த்துச் சிலை செய்கிறார்கள். அச்சிலிருந்து வெளிவரும் சிலைக்கு உளியாலும் அரத்தாலுமே கண்ணும் விரலும் நகையும் தெளிவு பெறுகின்றன. தஞ்சாவூரில் பலா மரத்தைக் குடைந்து வீணை செய்கிறார்கள். அந்தத் தஞ்சாவூர் வீணைக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரத்தைக் கடைந்து நாகசுரம் செய்யும் நரசிங்கம்பேட்டைக்கு 2022ஆம் ஆண்டில் அந்தச் சிறப்பு வந்தது.

இத்தகைய தொழிலாளர் கருவிகளை எண்ணிக்கை பார்த்துப் பெட்டியாக வாங்குவதில்லை. வேலைக்கு ஏற்ப, அகலமும் வளைவும் வேறுபட்ட உளிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார்கள். தேய்ந்தால் தீட்டுகிறார்கள், கைப்பிடி உடைந்தால் மாற்றுகிறார்கள். தந்தை கைப்பட்ட உளி மகன் கைக்கு வருகிறது. நுண்ணிய வேலை செய்பவர்களே இப்படி என்றால், ஆண்டுக்குச் சில முறை மட்டும் கருவி எடுக்கும் நமக்கு 46 எதற்கு? வள்ளுவப் பெருந்தகையும் ‘அமைச்சு’ அதிகாரத்தின் முதற் குறளில், ஒரு செயலுக்கு வேண்டியவற்றை எண்ணும்போது கருவியைத்தான் முதலில் வைக்கிறார். முதலில் வைக்க வேண்டியதை நாம் கடைசி விலைக்கு வாங்கலாமா?

எதில் மலிவு பொறுக்கலாம்? எதில் கூடாது?

மலிவானது எல்லாம் கெட்டது என்று கூறுவது நேர்மையாகாது. விலை உயர்ந்தது எல்லாம் நல்லது என்பதும் அப்படியே. மிகுந்த விசை படாத கருவிகளில் மலிவு பொறுக்கத்தக்கதே. எடுத்துக்காட்டாக, 3 மீட்டர் அளவு நாடாவை மலிவாக வாங்கலாம். பள்ளி அளவுகோலை ஒட்டி வைத்துச் சரிபார்த்தால் போதும். புதிய நாற்காலியைப் பூட்ட ஒருமுறை மட்டும் தேவைப்படும் ‘எல்’ சாவியும் அவ்வாறே. பொம்மை, கடிகாரம், டார்ச் விளக்கு ஆகியவற்றின் சின்ன ஸ்க்ரூவைத் திருப்ப அந்தச் சிறு முனைகள் உதவும். இத்தகைய மெல்லிய வேலைகளுக்கு மட்டும் என்று தெரிந்து வாங்கினால் 500 ரூபாய்ப் பெட்டி ஏமாற்றம் தராது.

ஆனால் நான்கு கருவிகளில் மலிவை நாடவே கூடாது.

முதலாவது, கட்டிங் பிளேயர். அதன் கைப்பிடியில் நிறமுள்ள பிளாஸ்டிக் உறை இருப்பதைக் கண்டு, மின்சாரம் தாக்காது என்று பலர் நம்புகிறார்கள். இது உயிரோடு விளையாடும் நம்பிக்கை. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். சாதாரண உறை, கை வழுக்காமல் இருக்கப் போட்டது. அது கழன்றும் வரும், வெடித்தும் போகும். மின்வேலைக்கு என்று சோதித்துச் செய்த கருவியில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் பொறித்திருக்கும். ஐ.இ.சி. 60900 என்னும் உலகத் தர எண் அதற்குரியது. அத்தகைய கருவி கையில் இருந்தாலும் மெயின் சுவிட்சை அணைத்த பிறகே, பெரியவர் ஒருவர் உடனிருக்க, பிளக்கைத் தொட வேண்டும்.

இரண்டாவது, சுத்தியல். தலை ஆடும் சுத்தியல் ஒரு நாள் கையை விட்டுப் பறக்கும். எதிரே தம்பியோ தங்கையோ நின்றால் என்ன ஆகும்?

மூன்றாவது, அடிக்கடி எடுக்கும் ஸ்க்ரூ டிரைவர். நான்காவது, மிதிவண்டிக்கும் பம்புக்கும் வேண்டிய ஸ்பானர்கள். இவை இரண்டும் விசை படும் கருவிகள் என்பதை முன்னரே கண்டோம்.

ஒன்று மட்டும் கூட்டிச் சொல்லவேண்டும். சமையல் எரிவாயு உருளை, அதன் ரெகுலேட்டர் ஆகியவற்றுக்கு எந்தக் கருவியையும் நாம் எடுக்கவே கூடாது. அவற்றைச் சீர்செய்வது எரிவாயு முகவரின் ஆட்கள் வேலை.

கடையில் செய்யத்தக்க சோதனைகள்

1. ஸ்பானர் வாங்கப் போகும்போது வீட்டிலிருந்து ஒரு நட்டையும் போல்ட்டையும் எடுத்துச் செல்லுங்கள். இல்லையேல் மிதிவண்டியையே கடை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் பொருத்திப் பாருங்கள். ஆடாமல் அமர வேண்டும்.

2. ஸ்க்ரூ டிரைவரைக் கண்ணாடி மேசைமேல் உருட்டிப் பாருங்கள். தண்டு கோணலாயின் முனை துள்ளும். தட்டை முனையாயின் அதன் ஓரங்கள் சதுரமாக இருக்கின்றனவா என்று காணுங்கள்.

3. கட்டிங் பிளேயரை மூடி வெளிச்சத்திற்கு நேரே பிடியுங்கள். வெட்டும் இடத்தில் வெளிச்சம் தெரியக்கூடாது. ஒரு தாளை வெட்டிப் பாருங்கள். அச்சாணி பக்கவாட்டில் ஆடக்கூடாது.

4. சுத்தியலின் தலையையும் பிடியையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். மரப்பிடியாயின் மேலே ஆப்பு இறுக அடித்திருக்க வேண்டும்.

5. கருவியின் மீது செய்தவர் பெயரும் அளவும் ஆழமாகப் பொறித்திருக்க வேண்டும். ‘குரோம் வனேடியம்’ என்று எழுதியிருப்பது மட்டுமே சான்று ஆகாது. எழுத்தை யாரும் எழுதலாம்.

6. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதனருகே தர எண்ணும் உரிம எண்ணும் இருக்கும். 1947இல் தோன்றிய இந்தியத் தர நிறுவனம், 1987 முதல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் என்ற பெயரில் இப்பணியைச் செய்து வருகிறது. ஸ்க்ரூ டிரைவருக்கு ஐ.எஸ். 844, சுத்தியலுக்கு ஐ.எஸ். 841, கட்டிங் பிளேயருக்கு ஐ.எஸ். 3650 என்று தர எண்கள் உண்டு. அந்த உரிம எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ என்னும் கைப்பேசிச் செயலியில் இட்டால் அது மெய்யா பொய்யா என்று தெரிந்துவிடும்.

நல்ல கருவி வேண்டுமெனில் வெளிநாட்டுப் பொருளையே நாட வேண்டும் என்றும் எண்ண வேண்டா. பஞ்சாபில் ஜலந்தரும் லூதியானாவும் கைக்கருவித் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. ஜலந்தரில் 1983ஆம் ஆண்டிலேயே மத்தியக் கைக்கருவி நிறுவனம் ஏற்படுத்தப்பட்டு, இத்தொழிலுக்குச் சோதனையும் பயிற்சியும் அளித்து வருகிறது.

அப்படியானால் ஒரு வீட்டுக்கு எவை போதும்? 2ஆம் எண் பிலிப்ஸ் முனையும் தட்டை முனையும் மாற்றி மாற்றிப் போடும் ஸ்க்ரூ டிரைவர் ஒன்று, பிளக்குக்கும் தையல் இயந்திரத்துக்கும் ஏற்ற சிறிய தட்டை முனை ஸ்க்ரூ டிரைவர் ஒன்று, 8 அங்குலக் கட்டிங் பிளேயர் ஒன்று, சுத்தியல் ஒன்று, 10–11, 12–13, 14–15 என்ற அளவுகளில் இரட்டை வாய் ஸ்பானர்கள் மூன்று, குழாய் வேலைக்கு ஒரு ஸ்க்ரூ ஸ்பானர். ஆக எட்டே உருப்படிகள். இவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. எந்த வேலை வருகிறதோ அதற்குரியதை மட்டும் அப்போதைக்கப்போது வாங்கினால் போதும். ஸ்பானர்கள் செட்டாக மட்டுமின்றி ஒற்றையாகவும் கிடைக்கின்றன. பழைய இரும்புக் கடையில் தாத்தா காலத்து ஸ்பானர் கிடைத்தாலும் தயங்காமல் நட்டில் பொருத்திப் பாருங்கள். துரு மேலே இருக்கலாம். பதம் உள்ளே இருக்கும்.

‘பணம் இருந்தால் நாங்களும் நல்லதையே வாங்குவோமே!’

இக்கேள்வி நியாயமானது. நடவுக் கூலியில் மிச்சம் பிடிக்கும் தாயிடம் போய், ‘நல்ல ஸ்பானர் வாங்கு’ என்று உபதேசம் செய்வது எளிது. ‘ஒன்றுமே இல்லாததற்கு இந்தப் பெட்டியாவது இருக்கட்டும்’ என்று அவர் கூறினால் அதை எள்ளி நகையாடக் கூடாது.

ஆயினும் கணக்குப் பார்த்தால், பணம் குறைந்தவருக்கே இந்தப் பெட்டி அதிக நட்டம் தருகிறது. வசதியுள்ளவர் கருவி கெட்டால் வேறொன்று வாங்குவார்; நட்டு கெட்டால் கடையில் விட்டுவிடுவார். ஏழைக்கோ 500 ரூபாயும் போய், வண்டியும் நின்று, மறுபடி கடைக்காரருக்கும் கூலி தர வேண்டியிருக்கிறது. அதே 500 ரூபாயில் உண்மையிலேயே வேண்டிய ஒன்றிரண்டு கருவிகளை மட்டும் தேர்ந்து வாங்கினால் அவை பல்லாண்டு உழைக்கும். அதற்கும் இயலாதவர்க்கு இன்னொரு வழி உண்டு. நம் கிராமங்களில் பெரிய ஏணியையும் பந்தற் பாத்திரங்களையும் வீட்டுக்கு வீடு வாங்குவதில்லை. பத்து வீட்டுக்கு ஒன்று இருந்தால் போதும். கருவியையும் அவ்வாறு பொதுவில் வைத்துக் கொள்ளலாம்.

பெண்பிள்ளைக்கு ஸ்பானர் எதற்கு?

இந்த வினாவைப் பல வீடுகளில் கேட்கலாம். 1990களின் தொடக்கத்தில் அண்டை மாவட்டமாகிய புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். அதுவரை யாருடைய துணையையோ எதிர்பார்த்தவர்கள் தாமே சந்தைக்கும் வகுப்புக்கும் சென்றனர். தமிழக அரசு 2001–02ஆம் ஆண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கு எனத் தொடங்கிய மிதிவண்டித் திட்டம் 2005–06 முதல் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயிலும் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர் அனைவர்க்கும் விரிந்தது. வண்டி நம் கைக்கு வந்துவிட்டது. ஆனால் மாலை வகுப்பு முடிந்து, இருட்டும் நேரத்தில், இருபுறமும் வயல் மட்டுமே உள்ள சாலையில் சங்கிலி கழன்று நிற்கும் பெண்ணுக்கு, அதைச் சரிசெய்யும் கைத்திறனும் வேண்டுமல்லவா? வண்டி பாதி விடுதலை. ஸ்பானர் மீதி விடுதலை.

இங்கேதான் மட்டமான கருவி செய்யும் பெரிய தீமையைக் காண்கிறோம். அதன் கைப்பிடி குட்டையானது. குட்டைக் கைப்பிடிக்கு அதிக விசை வேண்டும் என்பதைத் திருப்புத்திறன் கணக்கே கூறுகிறது. கைவலிமை மிக்க மெக்கானிக் ஒருவேளை அதைக் கொண்டும் சமாளித்து விடுவார். முதன்முதலாக ஸ்பானரைத் தொடும் பெண்ணுக்கு அது நழுவும். இரண்டு முறை நழுவியதும் அருகில் இருப்பவர், ‘உன்னால் ஆகாது, தம்பியிடம் கொடு’ என்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று கேலி செய்வோரும் உண்டு. ஆனால் கூடம் மெய்யாகவே கோணலாக இருந்தால்? அவளோ கருவியைக் குறை சொல்லத் தெரியாமல், தன் கையையே குறை சொல்லிக்கொண்டு எழுந்து போய்விடுவாள். அதன்பின் அவள் ஒருபோதும் ஸ்பானரைத் தொடமாட்டாள். 500 ரூபாய் நட்டத்தை ஈடு செய்துவிடலாம். ‘என்னால் ஆகாது’ என்று ஒரு பெண் நம்பிவிட்டால் அந்த நட்டத்தை எதைக் கொண்டு ஈடு செய்வது? கற்றுக்கொள்பவர்க்குத்தான் நல்ல கருவி முதலில் வேண்டும்.

ஒரு வேண்டுகோள்

ஆகவே இக்கட்டுரையின் முடிவு இதுதான். மெல்லிய வேலைகளுக்கு மட்டும் என்று தெரிந்து வாங்குவோர் மலிவுப் பெட்டியை வாங்கலாம். விசை படும் வேலைக்கும் மின்வேலைக்கும் அதை நம்பக் கூடாது. அவற்றுக்கு வேண்டியதை மட்டும், ஒன்றொன்றாக, சோதித்து வாங்க வேண்டும். அகல உழுவதை விட ஆழ உழுவதே நலம்.

இதனை ஏட்டில் எழுதியதோடு விடாமல் நம் பள்ளியிலேயே செய்து பார்க்க அருட்சகோதரிகளையும் பெற்றோர்களையும் வேண்டிக் கொள்கிறேன். ஒரு வகுப்பில் 40 மாணவியர் இருக்கிறோம். ஆளுக்கொரு பெட்டியை 500 ரூபாய்க்கு வாங்கினால் 20,000 ரூபாய் ஆகிறது. அதில் சிறு பங்கைச் செலவிட்டு, மேலே கூறிய எட்டுக் கருவிகளையும், காற்றடிக்கும் பம்பு ஒன்றையும், பஞ்சர் ஒட்டும் பொருள்களையும் வாங்கி, நம் மிதிவண்டிக் கொட்டகையில் பூட்டுள்ள ஒரு மரப்பெட்டியில் வைக்கலாம். எடுத்தவர் பெயரை ஒரு நோட்டில் எழுதி, வேலை முடிந்ததும் துடைத்து வைக்க வேண்டும். வாரம் ஒரு நாள் ஒரு மெக்கானிக்கையோ, விவரம் அறிந்த பெற்றோர் ஒருவரையோ அழைத்து, சங்கிலி மாட்டவும், பிரேக் இறுக்கவும், பஞ்சர் ஒட்டவும் கற்கலாம்.

புனித சூசையப்பர் தச்சுத் தொழில் செய்து திருக்குடும்பத்தைக் காத்தவர். நம் ஆண்டவர் இயேசுவையே தச்சர் என்று ஊரார் அழைத்ததை மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் காண்கிறோம். 1955ஆம் ஆண்டில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். மே மாதம் நமக்கு விடுமுறை. ஆனால் அவருடைய பெருவிழாவாகிய மார்ச் 19ஆம் நாள் பள்ளி நாள்களிலேயே வருகிறது. அந்நாளில் கொட்டகையில் அந்தப் பெட்டி திறக்கப்படுமானால், அடுத்த ஆண்டு மிதிவண்டி பெறும் நாங்கள் அதை ஓட்டுவதோடு நில்லாமல் பேணவும் கற்றவர்களாய் இப்பள்ளியை விட்டுச் செல்வோம்.